கிராஞ்சியின் மையப் புள்ளி

மேகநோய் என்று ஒன்று இல்லாவிட்டால் நான் சிங்கப்பூரைப் பார்த்திருக்க மாட்டேன். நோய் எனக்கு வந்ததல்ல. நாமக்கல் பக்கம் லாரிகள் வந்து நிற்கும் இடங்களில் டிரைவர்களுக்கு ஆணுறை கொடுப்பது, கூச்சப்படுகிறவர்களைப் பேசிச் சரிக்கட்டி ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போவது, இதுதான் சில வருடங்களாக என் வேலை. பள்ளிக்கூடம் ஒன்பதாம் வகுப்போடு முடிந்தது. பிறகு லாரி கிளீனர், குஜராத்தில் மீன் கம்பெனி, மஸ்கட்டில் சிமெண்ட் மூட்டை என்று சுற்றினேன். வெட்கமில்லாமல் பேசுவதற்குச் சம்பளம் தருகிற ஒரு தொண்டு நிறுவனம் இருப்பது தெரிந்ததும் அதில் ஒட்டிக்கொண்டேன்.

சிங்கப்பூரில் ஓர் ஆராய்ச்சிக் குழு, தமிழ்நாட்டுத் தொழிலாளர்களிடையே சிபிலிஸ், அதாவது நம் மேகநோய், எப்படிப் பரவுகிறது என்று கம்ப்யூட்டரில் வலை வரைந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தொழிலாளர்களிடம் பேச மட்டும் தெரியவில்லை. கொஞ்ச நாளைக்கு ஓர் ஆளை அனுப்புங்கள் என்று எங்கள் நிறுவனத்துக்கு எழுதினார்கள். எங்கள் ஆபீசில் காலாவதியாகாத பாஸ்போர்ட் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். நிபுணன் ஆவதற்கு அது போதும்.

தேக்காவில், ஒரு காய்கறிக் கடைக்கு மேலே இடம் கொடுத்தார்கள். லிட்டில் இந்தியா என்று போர்டு வைத்திருந்தாலும் நம் ஆட்கள் எல்லோருக்கும் அது தேக்காதான். ஆறு பேர் படுக்கும் அறை. மஸ்கட்டில் இதைவிடச் சின்ன அறையில் பதினாறு பேர் இருந்தோம் என்பதால் எனக்கு இது மாளிகையாகவே பட்டது. மூட்டைப்பூச்சிகூட ஒழுக்கமாக, விளக்கை அணைத்த பிறகுதான் வந்தது.

முதல் சாப்பாட்டிலேயே தப்பு செய்தேன். உணவங்காடியில் கூட்டம் நெரிந்தது, ஒரே ஒரு மேஜை காலி. மேலே ஒரு சின்ன டிஷ்யூ பாக்கெட். என்ன உபசாரம் என்று வியந்து, ஒன்றை உருவி முகம் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தட்டோடு வந்து நின்ற சீனத்துப் பெண்மணி என்னையும் பாக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்து மேஜைத் தமிழர் ஒருவர் விளக்கினார். "அது அவங்க எடம் சார். டிஷ்யூ வெச்சா புக் பண்ணிட்டாங்கன்னு அர்த்தம்." நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவதுதான். இங்கே துண்டைக் காகிதமாக்கியிருக்கிறார்கள், அடிதடியை நீக்கியிருக்கிறார்கள். எழுந்து நின்றபடியே பரோட்டா தின்றேன். இங்கே அதற்குப் பெயர் பிராட்டா, தொட்டுக்கொள்ள மீன் குழம்பு. நின்று தின்றாலும் நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் ஆராய்ச்சிக் குழுவின் ஆபீசுக்குப் போனேன். குளிர்பதனத்தில் பல் கிட்டித்தது. வலையை வரைந்தவள் ஷர்மிளா என்ற சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண். சுவர் அகலத் திரையில் புள்ளிகளும் கோடுகளுமாக ஒன்றைக் காட்டினாள். பெரிய மார்கழிக் கோலத்தில் யாரோ தடுக்கி விழுந்ததுபோல இருந்தது.

"ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஆள் அண்ணே. கோடு இருந்தா ரெண்டு பேரும் ஒண்ணா இருந்திருக்காங்க. கம்ப்யூட்டர் என்ன பண்ணும்னா, இந்த வலைக்குள்ள நோயைத் திரும்பத் திரும்பப் பரப்பிப் பாக்கும். எந்தக் கோட்ட வெட்டினா நிக்குதுன்னு கண்டுபிடிக்கும். எல்லாருக்கும் ஊசி போட முடியாது இல்ல? சரியான ஆளுக்குப் போட்டா போதும் லா."

அந்த "லா" சிங்கப்பூர்ப் பேச்சின் வால். எனக்கு அவள் சொன்னது பிடித்திருந்தது. லாரி ஸ்டாண்டில் நாங்கள் எதிரே வருகிறவனையெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தோம். இவள் யாரைப் பிடிக்க வேண்டும் என்று யோசிக்கிறாள்.

"இந்த வெறும் வட்டமெல்லாம் என்னம்மா?"

"அதெல்லாம் பொண்ணுங்க. அவங்க யாரும் இன்டர்வியூக்கு வரல. ஒரு கெஸ்ல போட்டிருக்கோம்."

சிங்கப்பூரிலும் பெண்கள் ஊகமாகத்தான் இருந்தார்கள். ஆனால் அறையில் எல்லோரும் பார்த்தது அந்த வட்டங்களை அல்ல. வலையின் நடுவில் போண்டா அளவுக்குச் சிவப்பாக ஒரு புள்ளி உட்கார்ந்திருந்தது. எல்லாப் பக்கமிருந்தும் கோடுகள் அதில் வந்து விழுந்தன.

"இவர்தான் ஹப்," என்றாள் ஷர்மிளா மெல்லிய குரலில். மூலவரைக் காட்டுகிற பயபக்தி அதில் இருந்தது. "கிராஞ்சி பக்கம் இருக்கற ஆள். இவருக்கு மட்டும் ட்ரீட் பண்ணா மாடல்ல நோய் பாதியா குறையுது. அடுத்த செவ்வாய் பெரிய மீட்டிங்ல இதைத்தான் காட்டப்போறோம்."

"பேர் என்ன?"

"பேரெல்லாம் எங்களுக்குத் தெரியாது. ப்ரைவசி. போன் நம்பர வெச்சு மெஷினே ஆளச் சேத்துடும். நம்பரும் எங்க கண்ணுல படாது. போன் பண்ணிக் கூப்பிட வேற டீம் இருக்கு."

அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணி நேர வேலை, இரண்டு மணி நேரம் லாரி, சமையல், துணி துவைப்பு. இதற்கு நடுவில் இத்தனை கோடுகளா? நாமக்கல்லில் நான் பார்த்த மகா மகா கில்லாடிகளெல்லாம் இவன் காலில் விழ வேண்டும் என்று தோன்றியது.

புதன்கிழமை, தீவின் வடகோடியில் இருக்கும் கிராஞ்சித் தொழிலாளர் விடுதி ஆட்களைப் பார்க்கத் தனியாகக் கிளம்பினேன். உட்லண்ட்ஸில் பஸ் மாற வேண்டும். கூட்டம் போகும் பக்கமே போவது என் பழக்கம். உட்லண்ட்ஸில் கூட்டம் போகும் பக்கம் மலேசியா இருக்கிறது. வரிசையில் நின்று நகர்ந்து வெகுதூரம் போன பிறகுதான் எல்லோர் கையிலும் பாஸ்போர்ட் இருப்பதைக் கவனித்தேன். என்னுடையது மாளிகையில் தலையணைக்கு அடியில் இருந்தது. சீருடைக்காரர் ஒருவர் என்னை ஒரு குழந்தையைப் போலத் திருப்பி வெளியே விட்டார். அடுத்து ஏறிய பஸ் மார்சிலிங் குடியிருப்பைச் சுற்றிக் காட்டிவிட்டு இறக்கிவிட்டது.

அங்கே ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் கீழே நிழலில் இரண்டு தமிழ்த் தொழிலாளர்கள் பொட்டலச் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். விடியற்காலையில் கட்டிக் கொடுத்த சோறு, மத்தியானத்தில் புளித்த வாடை தூரத்திலேயே வரும். மஸ்கட்டிலும் அதே வாடைதான். வழி கேட்டேன்.

"லூர்து அண்ணனுக்கு அடிங்க," என்றான் ஒருவன். இருவரும் ஒரே குரலில், வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல, ஒரு நம்பரைச் சொன்னார்கள்.

அரை மணி நேரத்தில் ஒரு நர்சரியின் லாரி வந்தது. பின்னால் செடித் தொட்டிகளுக்கு நடுவே, உர மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவர்தான் லூர்து. நாற்பது வயது இருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை. பருத்திக் கையுறையைக் கழற்றாமலே கைகொடுத்து என்னை மேலே இழுத்தார். பெயர் கேட்டார், சேகர் என்றேன்.

"உக்காருங்க, உக்காருங்க. நின்னா செல்வத்துக்கு ஃபைன் போட்ருவானுங்க." செல்வம் லாரியை ஓட்டுபவர்.

அந்தப் பயணத்தில் அவர் போன் ஓயவே இல்லை. ஒருவனுக்கு வங்கியில் குழப்பம், ஒருவன் பல்வலியோடு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறான், இன்னொருவனின் தம்பி விமான நிலையத்தில் வந்து இறங்கி விழிக்கிறான். பாதி அழைப்புகளை அவர் எடுக்கவே இல்லை. பக்கத்திலிருந்த முருகேசன் எடுத்து, "ஆமா, லூர்துதான் பேசறேன்" என்று கூசாமல் சொன்னான். முருகேசன் புதுக்கோட்டைப் பக்கத்து ஆள், வாய் மட்டும் நாலு பேருக்குச் சமம்.

"எந்தப் பாரத்துல போன் நம்பர் கேட்டாலும் என் நம்பரப் போட்ருவானுங்க சேகர்," என்றார் லூர்து. "பயலுவ சிம்ம மாத்திக்கிட்டே இருப்பானுவ. என்னுது மாறாது. ஆஸ்பத்திரிக்கும் நான்தான் கூட்டிட்டுப் போவணும்."

"அண்ணன் சட்டசபைக்கு நிக்கலாம்ணே," என்றான் முருகேசன். "கிராஞ்சியே ஓட்டுப் போடும். ஞாயித்துக்கிழமை கோயில்ல பாட்டும் அவருதான். ஒரு பீர்? கிடையாது. ஒரு பீடி? கிடையாது. எங்க எல்லாரோட பாவத்துக்கும் சேத்து அவரே முட்டி போட்டுருவாரு."

கடைசியாக ஊரிலிருந்து மனைவி ஸ்டெல்லா கூப்பிட்டார். அதையும் முருகேசன்தான் எடுத்தான், எடுத்த கையோடு ஒலிபெருக்கியில் போட்டான். அண்ணி முதலில் கேட்டது, "லாரியில உக்காந்துதான வாரீய?" லாரியிலிருந்து யாரோ விழுந்த வீடியோ ஒன்றைப் பார்த்ததிலிருந்து தினமும் இதே கேள்விதானாம். லூர்து அடுத்த மாதம் ஊருக்குப் போகிறார். போன தடவை தவழ்ந்த மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். "பாப்பாவுக்கு ஒரு தம்பிய பிளான் பண்ணத்தான் அண்ணன் வர்றாரு அண்ணி," என்று முருகேசன் போனுக்குள்ளேயே கத்த, அந்தப் பக்கம் சிரிப்பும் திட்டும் கலந்து வந்தது. லூர்து மட்டும் தொட்டியில் இருந்த ஒரு செடியின் இலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறுபடி அதே லாரியில் இருந்தேன். இப்படி ஏறிப்போக எனக்கு அனுமதி கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. லூர்து கீழே நின்று மூட்டைகளைத் தள்ளிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. முருகேசன் எடுத்தான். ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல், வானொலிச் செய்தி வாசிப்பதுபோல.

"வணக்கம். இந்த எண்ணின் உரிமையாளர் தாங்கள்தானா?"

"நான்தான், சொல்லுங்க."

"தங்களுடன் உடலுறவு கொண்ட பலருக்கு மேகநோய்த் தொற்று உறுதிசெய்யப்பட்டுள்ளது. தாங்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இலவச மருத்துவ முகாமுக்கு வருகை தருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

எல்லோரும் போனையே பார்த்தார்கள். பிறகு முருகேசன் சிரிக்க ஆரம்பித்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவனுக்கே கோபம் வந்தது.

"யாரப் பாத்து என்ன பேசறாளுவ? எங்க அண்ணன் கோயில்ல பாட்டுப் பாடுற மனுஷன்! அதுவும் பலரோடயாம், பலரோட!"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. திரையில் நான் பார்த்த போண்டா கீழே நின்று மூட்டை தள்ளிக்கொண்டிருந்தது.

"டேய்," என்று ஆட்களைக் கேட்டேன். "ஆராய்ச்சிக்காரங்க தேக்கா கிளினிக்குல கேட்ட கேள்விக்கு யாராவது பதில் சொன்னீங்களா? போன் நம்பர் கேட்டாங்களா?"

ஒல்லியாக ஒருவன், மகேந்திரன் என்று பெயர், தலையைச் சொறிந்தான். "டேப்லெட்டுல கேட்டுச்சுண்ணே. கடைசியா யாரோட இருந்தியோ அவங்க நம்பரப் போடுன்னு. போடலைன்னா அடுத்த பக்கம் போவ மாட்டேங்குது. எனக்கு அந்த நம்பரெல்லாம் எங்கண்ணே தெரியும்? அண்ணன் நம்பரப் போட்டு விட்டேன்."

"நானுந்தான்," என்றான் இன்னொருவன்.

"நானும்."

லாரியே கையைத் தூக்கியது. வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொடுத்துப் பழகிய நம்பரை, கை தானாகக் காதலியின் கட்டத்திலும் போட்டிருந்தது. மெஷின் அதை நம்பி, சிங்கப்பூரிலேயே மிகச் சுத்தமான மனிதரை நடுவில் வைத்துக் கோலம் போட்டுவிட்டது.

"அண்ணே, நீங்கதான் அவங்ககிட்டப் பேசி அண்ணன் பேரச் சுத்தம் பண்ணணும்," என்று முருகேசன் என் கையைப் பிடித்தான். லூர்து மேலே ஏறி வந்து, முகத்தைத் திருப்பி, கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு மூட்டைமேல் உட்கார்ந்தார். நல்ல மனிதர், புண்பட்டுவிட்டார் என்று நினைத்தேன். மனிதர்களைப் படிக்கத் தெரியும் என்பதற்காகத்தான் என்னை விமானத்தில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள்.

சனிக்கிழமை ஷர்மிளாவிடம் சொன்னேன். முதலில் மேஜையில் தலை கவிழ்ந்து சிரித்தாள். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"மாடல் தப்பு இல்ல அண்ணே. உங்க ஆளுங்கதான் பொய் நம்பர் குடுத்திருக்காங்க."

"நம்பர் போடலைன்னா அடுத்த பக்கம் போகாதுன்னு வெச்சது யாரும்மா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான்தான்," என்றாள். "ப்ளாங்க்கா விட்டா டேட்டா வேஸ்ட்னு நெனச்சேன்."

ஒரு பொத்தானை அழுத்தினாள். சிவப்புப் புள்ளி மறைந்தது. அத்தனை கோடுகளும் அறுந்து, வலை கொட்டிய கடுகாகச் சிதறியது. செவ்வாய்க்கிழமை காட்டுவதற்கு இப்போது கடுகுதான் இருந்தது. எனக்குப் பாவமாக இருந்தாலும் பெருமையாகவும் இருந்தது. ஒரு மனிதனின் மானத்தை ஒரு பொத்தானில் மீட்டவன் என்ற நினைப்போடு போய் மீன்தலைக் கறி சாப்பிட்டேன். தலை மட்டுமே ஒரு குடும்பம் சாப்பிடும் அளவு. கண் வரைக்கும் தின்றுவிட்டு லூர்துவைக் கூப்பிட்டேன். அதிசயமாக அவரே எடுத்தார்.

"உங்க பேரச் சுத்தம் பண்ணியாச்சு. இனிமே ஒரு போன் வராது."

"நாளைக்குப் பூசைக்கு வாங்க," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பாடியதைக் கேட்டேன். தேக்காவுக்குப் பக்கத்தில் இருந்த கோயில் நிறைந்து வாசல் வரை ஆள். சாமியாரைவிட இவர் குரலுக்குத்தான் கூட்டம் அடங்கியது. எனக்குப் பக்தி கிடையாது என்றாலும் கொஞ்சம் உட்கார்ந்துதான் கேட்டேன். பூசை முடிந்து, தேநீர் கொடுக்கிற கூட்டத்திலிருந்து என்னைத் தனியாக மதிலோரம் கூட்டிப்போனார்.

"அந்தப் புள்ளிய நெசமாவே அழிச்சிட்டாங்களா?"

"சுத்தமா."

"திருப்பிப் போட முடியாதா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். இரண்டிலும் செம்பு நிறத்தில் தடிப்புகள். நாமக்கல்லில் நான் டிரைவர்களிடம் கைகுலுக்குவதே உள்ளங்கையைப் பார்க்கத்தான். இந்த மனிதரின் கையுறையைப் பார்த்து, நர்சரிக்காரர் என்று விட்டுவிட்டேன்.

"நாலஞ்சு மாசத்துக்கு முந்தி ஒரு புண்ணு வந்துச்சு. வலியே இல்ல. அதுவா ஆறிட்டு. மாதாவே ஆத்திட்டாவன்னு நெனச்சேன். இப்ப இது. உரம் ஒத்துக்கலன்னு எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

"எத்தன தடவ?"

"ஒரே ஒரு தடவ."

"எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க."

"ரெண்டு," என்றார்.

பக்கத்தில் ஒரு குடும்பம் புகைப்படம் எடுத்துக்கொண்டது. அவர்களுக்காகக் கொஞ்சம் தள்ளி நின்றோம்.

"வெள்ளிக்கெழம அந்தப் போன முருகேசன் ஊரக் கூட்டிக் கேக்க வச்சானே, அப்ப உசுரே போச்சு. பொறவு யோசிச்சேன். இதுவும் நல்லதுதான், மெசின் தப்பாக் கூப்புட்டுச்சு, அதான் போனேன்னு சொல்லிக்கிடலாம், ஒருத்தனும் சந்தேகப்பட மாட்டான்னு. கடவுளாக் குடுத்த சாக்கு. அதையும் நீங்க நல்லது பண்ணுறேன்னு வந்து..." முடிக்காமல் விட்டார். "எத்தன பேர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன் சேகர். என்னக் கூட்டிட்டுப் போவ ஒருத்தன் இல்ல. எவனக் கூப்புட்டாலும் அண்ணனுக்கான்னு சிரிப்பான். கம்பெனிக்குத் தெரிஞ்சா என்ன ஆவுமோ. அடுத்த மாசம் ஸ்டெல்லா முன்னால போய் நிக்கணும். அவளுக்கும் குடுத்திட்டேன்னா?"

ஊசி ஒன்றில் தீருகிற விஷயம், போட்ட பிறகு டாக்டர் சொல்லும் வரைக்கும் விலகியிருந்தால் அண்ணிக்குப் போகாது என்று சொன்னேன். கிளினிக் அன்றைக்குத் திறந்திருந்தது. நடந்துபோகிற தூரம்தான். சிக்கல் என்னவென்றால், அது கீழே கடை இருக்கும் ஒரு கடைவீட்டின் மாடி. அதன் படிக்கட்டுக்கு நேர் எதிரே இருந்த புல்வெளியில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் கிராஞ்சியே உட்கார்ந்திருக்கும். லூர்து அண்ணன் தனியாக அந்தப் படியில் கால் வைத்தால் ஊரில் ஸ்டெல்லா வரைக்கும் தெரிந்துவிடும்.

ஷர்மிளாவுக்குப் போன் செய்தேன். "நம்ம ஆளுங்க கும்பலா கிளினிக்குக்கு வருவாங்க. எல்லாரையும் ஒரே மாதிரி பாக்கணும். யார் எதுக்கு வந்தான்னு யாருக்கும் தெரியக் கூடாது."

"ஏன், என்ன ஆச்சு?"

"காரணம் கேக்காதம்மா."

அவள் மெஷின் இல்லாமலே கணக்குப் போடக்கூடியவள் என்பது அவள் பதிலில் தெரிந்தது. "ஓகே. நான் கேக்கல," என்றாள். "அப்ப அந்த டாட்?"

"அழிஞ்சதாவே இருக்கட்டும்."

பிறகு புல்வெளிக்குப் போய் முருகேசனிடம் ஒரு பொய் சொன்னேன். மெஷின்காரர்கள் இன்னும் முழுசாக நம்பவில்லை, அண்ணன் கூடவே எல்லோரும் வந்து ஆளுக்கு ஒரு சொட்டு ரத்தம் கொடுத்தால்தான் வாயை மூடுவார்கள் என்றேன். நான் முடிப்பதற்குள் அவன் எழுந்துவிட்டான்.

"எந்திரிங்கடா! அண்ணன் மானத்துக்கு ஒரு சொட்டு ரத்தம் குடுக்க மாட்டீங்களா?"

பிரியாணிப் பொட்டலத்தைப் பாதியில் மூடிவிட்டு அவனோடு எழுந்தார்கள். லூர்து, "வேண்டாம்டே, எதுக்குடே இதெல்லாம்" என்று பலவீனமாக மறுத்தார். இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்து, தேர் இழுப்பதுபோல அவரை ரோட்டைக் கடக்க வைத்தார்கள். முன்னால் கோஷம் போடாத குறையாக முருகேசன் போனான். படிக்கட்டு வந்ததும் அவன் வேகம் குறைந்ததைக் கவனித்தேன். செருப்பு அறுந்துவிட்டது என்று குனிந்து, மற்றவர்களை முன்னால் விட்டான். செருப்பு அறுந்ததாக எனக்குத் தெரியவில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேலே மிஸ்ஸி ஒருவர் இருந்தார். நர்சை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு, முடிவு சீக்கிரமே வந்துவிடும். அதன் பிறகு ஒவ்வொருவராக உள்ளறைக்குக் கூப்பிட்டார். யாராக இருந்தாலும் ஒரே அளவு நேரம் உள்ளே வைத்திருந்து, கையில் ஒரு மைலோ பாக்கெட்டோடு வெளியே அனுப்பினார். யாருக்கு அறிவுரை, யாருக்கு ஊசி என்று வாசலில் நின்ற எனக்கே தெரியவில்லை. வெளியே வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி மைலோ குடித்தார்கள்.

பொழுது சாயும்போது லாரி வந்தது. கோயிலுக்குப் போகிறவர்களுக்காக நர்சரி முதலாளி ஞாயிறன்று கொடுக்கும் லாரி. ஒவ்வொருவராக ஏறி, பக்கவாட்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்கள். லூர்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்பக்கம் மகேந்திரனும் நின்றான். முருகேசனும் நின்றான்.

அந்த ஊசியை எனக்குத் தெரியும். தயிர்போலக் கெட்டியான மருந்து. ஒரே இடத்தில் தாங்காது என்று இரண்டாகப் பிரித்து, இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் போடுவார்கள். நாமக்கல்லில் டிரைவர் கிளட்சை மிதிக்கிற மிதியிலேயே கண்டுபிடித்துவிடுவேன்.

செல்வம் முன்னாலிருந்து தகரத்தைத் தட்டினார். "உக்காருங்கடா! ஃபைன் உங்கப்பனா கட்டுவான்?"

மகேந்திரன் மெல்ல உட்காரப் பார்த்தான், குதிகாலில் குந்தி, பாதியில் நின்று, பல்லைக் கடித்து. லூர்து எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் சாய்ந்து பார்த்துவிட்டு, "யேசுவே" என்று உட்கார்ந்தார்.

"டேய் முருகேசா, ஒனக்குத் தனியாச் சொல்லணுமா?"

"காத்து வாங்குறேண்ணே."

"காத்த உக்காந்து வாங்கு."

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் அவனையே பார்த்தார்கள். காலையிலிருந்து ஓயாத வாய் மூடியிருந்தது. அவன் லூர்துவுக்குப் பக்கத்தில், அங்குலம் அங்குலமாக இறங்கினான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லாரி நகர்ந்து முதல் பள்ளத்தில் இறங்கியபோது மூன்று பேர் வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் ஒரே சத்தம் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. லூர்து தன் கோயில் பையிலிருந்து பாட்டுக்குழுவின் வெள்ளை அங்கியை எடுத்து, நாலாக மடித்து முருகேசன் பக்கம் தள்ளினார்.

"போட்டுக்கடே."

"உங்களுக்கு?"

"போட்டுக்கன்னா."

போன் அடித்தது. வழக்கம்போல அது முருகேசன் கைக்குத்தான் போயிற்று. திரையைப் பார்த்தான். விரல் பச்சைப் பொத்தான் வரைக்கும் போய் நின்றது. ஒலிபெருக்கியில் போடவில்லை, எடுக்கவும் இல்லை. அப்படியே நீட்டினான்.

"அண்ணே. அண்ணி."

லூர்து வாங்கிக் காதோடு சேர்த்துக்கொண்டார். அந்தப் பக்கம் என்ன கேட்டது என்று எங்களுக்குக் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. சிக்னலில் லாரி குலுங்கி நின்றது. அவர் கண்ணை இறுக மூடித் திறந்தார்.

"ஆமா புள்ள," என்றார். "உக்காந்துதான் வாரேன்."